கடன் தீர்ந்தவனின் கடன்

(தவக்காலக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இது தவக்காலம். லெந்து நாட்கள் என்று சிலர் சொல்வோம். இந்த நாற்பது நாளும் மேடைக்கு மேடை ஒரே செய்தியைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இயேசு நமக்காகப் பலியானார். நம் பாவம் மன்னிக்கப்பட்டது. பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையில் உட்கார்ந்து அதையே தியானிப்போம். சிலுவைப் பாதையின் 14 நிலைகளிலும் முழந்தாளிட்டு அதையே நினைப்போம். அதை எடுத்துச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள்.

நான் கேட்க வந்த கேள்வி வேறு. பலியானவரைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அந்தப் பலியால் பிழைத்தவனைப் பற்றி இன்று பேசுவோமா? மன்னித்தவரைப் பாடியாயிற்று, மன்னிப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனானே, அவன் என்ன ஆனான்? மறுநாள் காலையில் எழுந்து அவன் என்ன செய்தான்? இதுதான் இன்றைய பேச்சு.

அப்படிப் பிழைத்தவர்களின் வரிசையில் முதல் ஆள் யார்? பேதுரு இல்லை. யோவான் இல்லை. பரபாஸ்.

இயேசு எனக்காக மரித்தார் என்று நாம் விசுவாசத்தால் சொல்கிறோம். பரபாஸுக்கு விசுவாசம்கூடத் தேவைப்படவில்லை. அவனுக்கு அது கண்ணெதிரே நடந்த காரியம். கலகம் செய்து, கொலைப்பழியோடு சிறையில் கிடந்தவன். அன்று காலை கதவு திறந்தபோது சிலுவைக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பான். ஆனால் பண்டிகைக்கு ஒரு கைதியை விடுவிப்பது வழக்கம். யாரை விடட்டும் என்று ரோம ஆளுநர் பிலாத்து கேட்டான். கூட்டம் பரபாஸின் பெயரைச் சொல்லிக் கத்தியது. இவன் விலங்கு கழன்றது. இன்னொருவர் தோளில் சிலுவை ஏறியது.

நான்கு நற்செய்திகளிலும் பரபாஸின் பெயர் இருக்கிறது. விடுதலையான பிறகு அவன் என்ன செய்தான் என்று நான்கிலும் ஒரு வரி இல்லை. கொல்கொதா மலைக்குப் போய் எட்டி நின்றாவது பார்த்தானா? நேரே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டானா? ஸ்வீடன் நாட்டு எழுத்தாளர் பேர் லாகர்குவிஸ்ட் 1950-இல் ‘பரபாஸ்’ என்ற பெயரிலேயே ஒரு நாவல் எழுதினார். நம்பவும் முடியாமல் மறக்கவும் முடியாமல் அலைகிற ஒரு மனிதனை அதில் காட்டினார். அடுத்த ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நற்செய்தி சொல்லாமல் விட்ட இடம் அப்படி ஒரு எழுத்தாளரைத் தூங்கவிடவில்லை. நம்மில் எத்தனை பேருடைய தூக்கத்தை அது கெடுத்திருக்கிறது?

அன்பர்களே, இந்தக் கேள்விக்குள் நுழைய நம் தமிழே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசலின் பெயர் ‘கடன்’.

இயேசு தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபம் மத்தேயு நற்செய்தியில் இருக்கிறது. அங்கே பாவத்தைக் குறிக்க வருகிற கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருள் கடன்தான். நம்முடைய பழைய திருப்புதலும் அதைக் கடன் என்றே சொல்கிறது. சிறுவனாக இருந்தபோது எனக்கு இது விளங்காது. மளிகைக் கடையில் அப்பா வைத்திருக்கிற பாக்கியைத்தான் ஆண்டவரிடம் சொல்லித் தள்ளுபடி கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, மற்ற வரிகளைவிட அந்த வரியை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன்!

பிறகுதான் புரிந்தது. தமிழில் கடன் என்ற சொல்லுக்கு இரண்டு முகம். ஒன்று, வாங்கி வைத்திருப்பது. இன்னொன்று, செய்ய வேண்டியது. காலைக்கடன் என்கிறோம். பிதிர்க்கடன் என்கிறோம். நேர்த்திக்கடன் என்கிறோம். அங்கெல்லாம் வட்டியும் இல்லை, அசலும் இல்லை; கடமை இருக்கிறது. வாங்கிய கடனுக்கும் செய்கிற கடனுக்கும் ஒரே சொல்லை வைத்தார்களே நம் முன்னோர்கள், காரணம் இல்லாமலா வைத்தார்கள்? ஒரு கடன் தீர்ந்த அதே இடத்தில் இன்னொரு கடன் பிறக்கிறது. இதைத்தான் இயேசு ஒரு கதையாகச் சொன்னார்.

கதை பிறந்தது பேதுருவின் கணக்கில். என் சகோதரன் எனக்குத் தப்பு செய்துகொண்டே இருந்தால் எத்தனை தடவை மன்னிப்பது, ஏழு தடவை போதுமா என்று அவர் கேட்டார். ஏழு என்பதே தாராளம் என்று அவருக்கு எண்ணம். இயேசு ஏழு என்ற எண்ணை எழுபதோடு பெருக்கினார். எண்ணுவதையே விட்டுவிடு என்று அர்த்தம். பிறகு கதைக்கு வந்தார்.

ஓர் அரசன் கணக்குப் பார்க்க உட்கார்ந்தான். அவனுக்கு 10,000 தாலந்து கடன்பட்ட ஊழியன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 10,000 தாலந்து என்று வாசித்துவிட்டு நாம் அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறோம். இன்று போக வேண்டாம். கொஞ்சம் நின்று கூட்டிப் பார்ப்போம். ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம், அதாவது ரோமர்களின் ஒரு தெனாரியம், ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. அப்படியானால் 10,000 தாலந்து என்பது 6 கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் உழைத்தால் இந்தக் கடனை அடைக்க 2 லட்சம் வருடம் ஆகும். நம் கணக்கில் ஒரு நாள் கூலியை 500 ரூபாய் என்று வையுங்கள். கடன் 3,000 கோடி ரூபாய்! ஏரோது அந்திப்பா கலிலேயாவிலிருந்தும் பெரேயாவிலிருந்தும் ஒரு வருடத்தில் பெற்ற வருமானம் 200 தாலந்து என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். அந்த இரண்டு நாடுகளின் 50 வருட வரிப்பணத்தை ஒரே ஆள் தின்று தீர்த்திருக்கிறான். கேட்டுக்கொண்டிருந்த மீன்காரர்கள் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள்.

அந்த ஊழியன் காலில் விழுந்தான். என்ன கேட்டான்? இங்கேதான் கவனிக்க வேண்டும். அவன் மன்னிப்புக் கேட்கவே இல்லை. தவணை கேட்டான்! கொஞ்சம் பொறுங்கள், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன் என்றான். 2 லட்சம் வருடக் கடனுக்குத் தவணை! அரசன் மனம் இரங்கினான். இவன் கேட்ட தவணையைக் கொடுக்கவில்லை, கடனையே விட்டுவிட்டான்.

வெளியே வந்தான். எதிரே உடன் வேலைக்காரன் ஒருவன். அவன் இவனுக்குத் தர வேண்டியது 100 வெள்ளிப்பணம். நம் கணக்கில் 50,000 ரூபாய். அதுவும் சின்னத் தொகை இல்லை. நான்கு மாதக் கூலி. இல்லாதவனுக்கு அது பெரிய பாரம். இயேசு அதைக் குறைத்துச் சொல்லவில்லை. பிறர் நமக்குச் செய்கிற தீங்கு உண்மையான தீங்குதான். அதற்கு வலி உண்டு. ஆனால் இவனுக்குத் தள்ளுபடியான கடன் அதைப்போல 6 லட்சம் மடங்கு. இவன் என்ன செய்தான்? அவன் கழுத்தைப் பிடித்தான். பிடிபட்டவன் காலில் விழுந்தான். சற்று முன்னால் அரசனிடம் இவன் சொன்ன அதே சொற்களைத்தான் அவனும் சொன்னான். தன் குரலின் எதிரொலி இவன் காதில் ஏறவில்லை. அவனைச் சிறையில் போட்டான்.

ஏன்? இத்தனை பெரிய மன்னிப்பை வாங்கியவனுக்கு எப்படி மனம் வந்தது? நான் பல நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். கடன் தள்ளுபடியானதை அவன் நம்பவே இல்லை. அவன் தவணை கேட்டவன் அல்லவா? தவணைதான் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தான். இனி எங்கேயாவது பிரித்துச் சேர்த்துக் கட்டியாக வேண்டும், இதோ ஒரு 100 என்று பாய்ந்தான். அரசன் கணக்கு நோட்டை மூடிவிட்டான்; இவன் தன் மனத்துக்குள் அதைத் திறந்தே வைத்திருந்தான். மளிகைக் கடை நோட்டில் பாக்கி தீர்ந்தால் கடைக்காரர் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போடுவாரே, அந்தக் கோட்டைப் பார்க்காமல் வந்தவன் இவன்.

நமக்குள்ளும் இப்படி ஒரு திறந்த நோட்டு இல்லையா? கடவுள் மன்னித்துவிட்டார் என்று வாய் சொல்கிறது. உபவாசத்தையும் காணிக்கையையும் மட்டும் தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். தவணை கட்டுகிறவன் யாரிடமும் தாராளமாக இருக்க முடியாது. அவன் முகத்தில் எப்போதும் வசூல் களை இருக்கும்!

சரி, மன்னிப்புக்கு இப்படி. பலிக்கு? தனக்காக ஒருவர் உயிரையே கொடுத்துவிட்டார் என்றால், பிழைத்தவன் அதை எப்படிச் சுமப்பான்? பரபாஸின் வாழ்க்கை நமக்குத் தெரியாது. தெரிந்த ஒரு வாழ்க்கையைச் சொல்கிறேன்.

போலந்து நாட்டில் 1894-இல் பிறந்தவர் மாக்சிமிலியன் கோல்பே. பிரான்சிஸ்கன் சபைத் துறவி. ஜப்பான் வரை போய் நாகசாகியில் ஒரு துறவு இல்லத்தை நிறுவியவர். 1941 மே மாதம் நாஜிகள் அவரை ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் அடைத்தார்கள். பெயர் போய்விட்டது; எண் மட்டும் மிஞ்சியது: 16670. அந்த ஜூலை மாதக் கடைசியில் ஒரு கைதியைக் காணவில்லை; தப்பிவிட்டான் என்று முகாம் முடிவுகட்டியது. தண்டனையாகப் பத்துப் பேரைப் பொறுக்கி எடுத்து, பட்டினி போட்டுக் கொல்ல உத்தரவு. பொறுக்கப்பட்டவர்களில் ஒருவர் பிரான்சிஷெக் கயோவ்னிச்செக், போலந்து ராணுவத்தில் சார்ஜெண்டாக இருந்தவர். என் மனைவி, என் பிள்ளைகள் என்று அவர் கதறினார். வரிசையிலிருந்து கோல்பே வெளியே வந்தார். நான் ஒரு கத்தோலிக்கக் குரு, எனக்கு மனைவி மக்கள் இல்லை, அவருக்குப் பதிலாக நான் போகிறேன் என்றார். அதிகாரி சம்மதித்தான். நிலவறையில் இரண்டு வாரம் பட்டினி. ஆகஸ்ட் 14 அன்று கோல்பேயின் கையில் விஷ ஊசி போட்டுக் கொன்றார்கள்.

இந்த இடம் வரை எல்லோருக்கும் தெரியும். கோல்பே புனிதர் ஆனதும் தெரியும். கயோவ்னிச்செக் என்ன ஆனார்?

அந்தக் கணத்தில் அவரால் வாயைத் திறந்து நன்றிகூடச் சொல்ல முடியவில்லை. கண்ணால் மட்டுமே சொன்னதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருவரைச் சாகவிட்டோமே என்ற குற்ற உணர்வு அவரை நெடுங்காலம் அரித்தது. போர் முடிந்து வீட்டுக்கு வந்தார். மனைவி இருந்தார். யாரை நினைத்துக் கதறினாரோ அந்த இரண்டு மகன்களும் 1945-இல் குண்டுவீச்சில் இறந்திருந்தார்கள். எண்ணிப் பாருங்கள் அன்பர்களே! பிள்ளைகளுக்காக என்று பெற்ற உயிர். அந்தப் பிள்ளைகள் இல்லை. இனி இந்த உயிர் எதற்கு என்று அவர் சுருண்டு போயிருந்தால் யார் குறை சொல்ல முடியும்?

அவர் சுருண்டு போகவில்லை. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார். நடந்ததைச் சொன்னார். 1971-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் கோல்பேக்கு அருளாளர் பட்டம் கொடுத்தபோது ரோமில் இருந்தார். 1982 அக்டோபர் 10 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் புனிதர் பட்டம் கொடுத்தபோதும் கூட்டத்தில் இருந்தார். 1995-இல், 93 வயதில்தான் இறந்தார். பலியால் கிடைத்த உயிரோடு 53 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அந்த உயிரை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. யாரிடம் கொடுப்பது, கொடுத்தவர்தான் இல்லையே! தனக்கு நடந்ததை மறைக்காமல் சொல்வதுதான் தன் கடன் என்று எடுத்துக்கொண்டார். வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ‘அறிதல்’ என்றுதான் பெயர் வைத்தார். திருப்பித் தருதல் என்று வைக்கவில்லை. திருப்பித் தர முடியாததை அறிந்துகொண்டே வாழ்வது பெரிய உழைப்பு. அந்த உழைப்பைத்தான் 53 ஆண்டுகள் அந்தச் சார்ஜெண்ட் செய்தார்.

அப்படியானால் சொல்லிக்கொண்டே இருந்தால் போதுமா? சாட்சி சொன்னால் தீர்ந்ததா? தீரவில்லை. எரிகோ ஊருக்கு வாருங்கள். சகேயுவைப் பார்ப்போம்.

வரி வசூலிக்கிறவர்களுக்குத் தலைவன். குள்ளமான ஆள். இயேசுவைப் பார்க்கக் காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தான். ஊரே வெறுத்தவன். இயேசு நிமிர்ந்து பார்த்து, இறங்கி வா, இன்று உன் வீட்டில்தான் நான் தங்க வேண்டும் என்றார். வரிசையைக் கவனியுங்கள். முதலில் திருந்து, பிறகு வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. முதலில் வருகிறேன் என்றார். அதற்குப் பிறகுதான் சகேயுவின் கை திறந்தது. சொத்தில் பாதி ஏழைகளுக்கு. ஏமாற்றி வாங்கியது நாலு மடங்காகத் திரும்பும். ஏமாற்றியவன் தானாக வந்து ஒப்புக்கொண்டால் அசலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்று மோசேயின் சட்டம் சொன்னது. சகேயு சட்டத்தோடு நிற்கவில்லை. ஏன் தெரியுமா? அவன் விலை கொடுத்து மன்னிப்பை வாங்கவில்லை. மன்னிப்புக் கிடைத்த சந்தோஷத்தில் கொடுத்தான். தவணை கட்டுகிறவன் பைசாவை எண்ணுவான். சந்தோஷத்தில் கொடுக்கிறவன் எண்ணுவானா?

ஆனால் ஒன்று. அவன் சந்தோஷத்தில் அழுதுவிட்டு, சாட்சி சொல்லிவிட்டு, ஏமாற்றிய பணத்தைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளவில்லை. நம் நாட்களில் அதுதான் நடக்கிறது. ஜெர்மானியப் போதகர் டீட்ரிஷ் போன்ஹோஃபர் 1937-இல் வெளியான தம் நூலில் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: மலிவான கிருபை. மனம் திரும்பாமலே கிடைக்கிற மன்னிப்பு, சிலுவை சுமக்காமலே கிடைக்கிற ஆறுதல். கிருபை இலவசம், ஆனால் மலிவு இல்லை என்பது அவர் வாதம். எழுதியதோடு அவர் நிற்கவில்லை. ஹிட்லரை எதிர்த்தார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

இன்னும் ஓர் இடம். மலைப்பிரசங்கத்தில் இயேசு ஒரு காட்சியைச் சொல்கிறார். நீ காணிக்கை கொண்டுவந்து பலிபீடத்தின் முன் நிற்கிறாய். உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது அப்போது நினைவுக்கு வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, அவனோடு ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்கிறார். இதைச் சொன்ன இடம் கலிலேயா. பலிபீடம் இருந்த இடம் எருசலேம். நடுவில் 100 கிலோமீட்டருக்கு மேல். மூன்று நான்கு நாள் நடை. அத்தனை தூரம் ஆட்டையோ புறாவையோ சுமந்து வந்தவனை, திரும்பிப் போய் வா என்கிறார்! இன்னொன்றும் கவனியுங்கள். உனக்கு அவன்மேல் கோபம் இருந்தால் என்று இயேசு சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் இருந்தால் என்றார். அதாவது மன்னிக்கப் போ என்று அல்ல, மன்னிப்புக் கேட்கப் போ என்று அனுப்புகிறார். இது இன்னும் கடினம்!

நம் ஊர் அறுப்பின் பண்டிகை ஏலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு தேங்காயை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுக்கிற அண்ணன் அங்கே இருக்கிறார். அதே கோயிலில், இரண்டு வரிசை தள்ளி, வரப்புத் தகராறில் பல வருடமாக அவரோடு பேசாத தம்பியும் இருக்கிறார். தேங்காய் ஏலம் போய்விட்டது. காணிக்கை சேர்ந்துவிட்டது. பந்தியில் இருவரும் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். எருசலேமுக்குத் திரும்பி வர நான்கு நாள் ஆகும். நமக்கு இரண்டு வரிசை! அதைத் தாண்ட முடியவில்லை என்றால், அந்தத் தேங்காயை ஆண்டவர் வாங்கிக்கொண்டார் என்று யார் சொன்னது?

அன்பர்களே, இப்போது நம் நாட்டில், நம் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கேரளத்தின் புல்லுவழி ஊரில் 1954-இல் பிறந்தவர் ராணி மரியா. அருட்சகோதரியாகி மத்தியப் பிரதேசத்தின் உதயநகர் பகுதிக்குப் போனார். அங்கே நிலமற்ற ஏழைகள் வட்டிக்காரர்களின் பிடியில் கிடந்தார்கள். கந்துவட்டி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வங்கிக் கடன் எப்படி வாங்குவது, அரசுத் திட்டத்தை எப்படிக் கேட்பது, ஒன்றுசேர்ந்து எப்படி நிற்பது என்று அந்த மக்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தார். கடன்பட்டவர்களின் கழுத்திலிருந்து கையை எடுக்க வைத்தார். அது சிலருக்குப் பொறுக்கவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூருக்குப் போகிற பேருந்தில், பயணிகளின் கண்ணெதிரே அவரைக் குத்திக் கொன்றார்கள். உடம்பில் 50-க்கும் மேற்பட்ட காயங்கள். கத்தியைப் பிடித்தவர் சமுந்தர் சிங் என்ற இளைஞர். தூண்டிவிட்டவர்கள் வேறு. சமுந்தர் சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

சிறையில் அவர் மனம் திருந்திக்கொண்டா இருந்தார்? இல்லை. தன்னைத் தூண்டிவிட்டவர்களைப் பழிதீர்க்க வேண்டும் என்று கொதித்துக்கொண்டிருந்தார். சுவாமி சதானந்த் என்ற கத்தோலிக்கத் துறவி அவரை மறுபடி மறுபடி போய்ப் பார்த்தார். பிறகு 2002-இல், ரக்ஷா பந்தன் நாளையொட்டி, சிறைக்கு ஒருவர் வந்தார். செல்மி பால். ராணி மரியாவின் கூடப்பிறந்த தங்கை, அவரும் அருட்சகோதரி. அக்காளைக் குத்திய அதே கையில் ராக்கி கட்டினார். அண்ணன் தம்பி என்று யாரை நினைக்கிறோமோ அவர் கையில் கட்டுகிற கயிறு அது.

அந்தக் குடும்பம் அவரது விடுதலைக்காகவும் நின்றது. 2006-இல் அவர் விடுதலையானார். புல்லுவழிக்குப் போனார். ராணி மரியாவின் தாயைப் பார்த்தார். மகளின் இரத்தம் பட்ட அந்தக் கைகளை அந்தத் தாய் பற்றிக்கொண்டார். பழிவாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, சமுந்தர் சிங் தம் ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்த்தார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் கொடுத்தபோது, கொன்றவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

மன்னிப்பு அவரிடம் வந்தது. பிறகு என்ன ஆனது? அவரிடம் 100 வெள்ளிப்பணம் கடன்பட்டவர்கள் இருந்தார்கள், தூண்டிவிட்டுக் கைவிட்டவர்கள். அவர்கள் கழுத்துக்குப் போயிருக்க வேண்டிய கை போகவில்லை. கதையில் வருகிற ஊழியன் தோற்ற இடத்தில் இவர் ஜெயித்தார். ஏன்? கணக்கு நோட்டின் குறுக்கே போட்ட கோட்டை இவர் பார்த்தார். அந்தக் கோடு இவர் மணிக்கட்டிலேயே கயிறாகக் கட்டியிருந்தது.

இங்கே நான் ஒன்றைச் சொல்லாமல் போனால் பாவம் செய்தவன் ஆவேன். மன்னிப்பைச் சொல்லியே அடித்தவனைக் காப்பாற்றுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. குடித்துவிட்டு அடிக்கிற கணவனிடமிருந்து தப்பி வருகிற பெண்ணிடம், மன்னித்துவிட்டுத் திரும்பிப் போம்மா, அதுதான் கிறிஸ்தவம் என்கிறோம். பிள்ளையைச் சீரழித்தவனைப் பற்றிப் புகார் கொடுக்கப் போகிற பெற்றோரிடம், சபைக்குக் கெட்ட பெயர் வரும், மன்னியுங்கள் என்கிறோம். அது மன்னிப்பா? அது மூடி மறைப்பது. மன்னிப்பு காயம்பட்டவர் கையிலிருந்து வருகிற தானம். அதைப் பக்கத்தில் நிற்கிறவன் வசூல் செய்ய முடியாது. இயேசுவின் கதையிலேயே பாருங்கள்: உடன் வேலைக்காரர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. நடந்ததை அரசனிடம் போய்ச் சொன்னார்கள்.

மன்னிப்பும் நீதியும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. ஒடிசாவின் பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்காக உழைத்த ஆஸ்திரேலியர் கிரகாம் ஸ்டெய்ன்ஸ். 1999 ஜனவரி 22 நள்ளிரவைத் தாண்டி, மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவரையும் 10 வயது பிலிப்பையும் 6 வயது தீமோத்தேயுவையும் உயிரோடு கொளுத்தினார்கள். கொன்றவர்களை மன்னிப்பதாக அவர் மனைவி கிளாடிஸ் வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் வழக்கு நடந்தது. தீர்ப்பு வந்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. அவர் மன்னிப்பு சட்டத்தின் குறுக்கே நிற்கவில்லை. சட்டம் அவர் மன்னிப்பைக் கெடுக்கவும் இல்லை. ஊரைவிட்டு உடனே ஓடிப்போகாமல், மகளோடு அங்கேயே பல ஆண்டுகள் தங்கி, கணவர் பார்த்துக்கொண்டிருந்த தொழுநோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டார். 2005-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது.

முடிக்கப் போகிறேன். அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்!

பலிக்கு ஈடு கொடுக்க முடியாது. கயோவ்னிச்செக்கால் முடியவில்லை, நம்மாலும் முடியாது. மன்னிப்பைத் தவணையில் அடைக்க முடியாது. அந்த ஊழியன் முயன்றான், கெட்டுப்போனான். நம்மால் முடிவது ஒன்றுதான்: வாங்கியதை அடுத்தவனுக்குக் கடத்துவது. ஏமாற்றிய பணம் திரும்பட்டும். இரண்டு வரிசை தள்ளி இருக்கிற தம்பியிடம் அண்ணன் போகட்டும். தீர்ந்த கடனுக்கு அடையாளம், இப்படிச் செய்கிற கடன்தான்.

இந்த மண்டபத்தை விட்டு வெளியே போவீர்கள். வாசலிலோ, தெருமுனையிலோ, நாளைக் காலையில் உங்கள் வீட்டுத் திண்ணையிலோ, உங்களிடம் 100 வெள்ளிப்பணம் கடன்பட்ட ஒருவர் எதிரே வருவார். அவர் யார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். இதைக் கேட்கும்போதே அவர் முகம் உங்கள் மனத்தில் வந்துபோனது. வழக்கப்படி உங்கள் கை அவர் கழுத்தை நோக்கித்தான் எழும். ஒரு கணம் அந்தக் கையை நிறுத்தி, அது யார் அவிழ்த்துவிட்ட கை என்று பாருங்கள். பார்த்துவிட்டு, அதை அவர் தோளில் வையுங்கள்.